எடுக்காத ஒரு நம்பர்

நான் வேலை செய்யும் இடத்தில் என்ன செய்கிறார்கள் என்று அக்காவுக்கு விளங்கப்படுத்தப் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். கடைசியில் அவளே ஒரு முடிவுக்கு வந்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் "தம்பி போன் திருத்துற இடத்திலை நிக்கிறான்" என்று சொல்லத் தொடங்கினாள். அதன் பிறகு மானிப்பாயில் எங்கள் ஒழுங்கையில் இருப்பவர்கள் கண்ணாடி உடைந்த போன்களைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டுவார்கள். "நான் அந்த வேலை செய்கிறவன் இல்லை" என்று சொல்வதற்கு எனக்குக் கூச்சம். ஆகவே பேசாமல் வாங்கிக்கொண்டு போய், நகரத்தில் உண்மையாகவே போன் திருத்தும் ஒரு கடையில் கொடுத்து, திருத்தி எடுத்துவந்து கொடுப்பேன். "உவன் நல்ல கெட்டிக்காரன்" என்று ஒழுங்கையில் எனக்குப் பெயரும் வந்துவிட்டது.

அதற்கு முன்பு பல வருடம் ஒரு கொமினிக்கேசனில், காசு கட்டிப் போன் கதைக்கும் கடையில், வேலைக்கு நின்றேன். வெளிநாட்டுக்குக் கதைக்க வருகிறவர்களுக்கு நம்பரை அடித்து, மறுபக்கம் மணி அடிக்கத் தொடங்கியதும் ரிசீவரை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பது என் வேலை. எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்த நான், அந்தப் போனில் ஒருவரோடும் கதைத்ததில்லை. எனக்கு அந்த வேலையில் பிடித்ததே அதுதான். பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது. கடை பேக்கரியாக மாறியது. கடைக்காரர் என்னைப் பேக்கரியிலும் நிற்கச் சொன்னார். பேக்கரியில் வருகிறவர்களிடம் "என்ன வேணும்?" என்று கேட்க வேண்டியிருந்தது. இரண்டாம் நாளே வேலையை விட்டுவிட்டேன்.

கொமினிக்கேசனுக்கு முன்பு வந்துபோன ஒருவர், வெளிநாட்டில் நெடுங்காலம் தொலைபேசித் துறையில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர், நகரத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து மென்பொருள் செய்யும் சின்ன நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டது இவ்வளவுதான்.

"போனைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?"

"எடுத்துக் குடுப்பன், சேர்."

"எடுத்துப்போட்டு நீரும் கதைப்பீரோ?"

"இல்லை, சேர்."

"நல்லது. நாளைக்கு வாரும்."

அங்கே எழுதப்படும் மென்பொருள் என்ன செய்கிறது என்பதை எனக்கு விளங்கப்படுத்தியவர் எங்கள் பொறியியலாளர். சின்ன வயதுப் பெண். நான் "தங்கச்சி" என்பேன், அவர் என்னை "அண்ணை" என்பார். முதல் நாளே ஒரு வெள்ளைப் பலகையில் பெட்டி பெட்டியாகக் கீறினார்.

"அண்ணை, நீங்கள் ஒருத்தருக்குக் கோல் எடுக்கிறியள். கதைக்க முந்தி எவ்வளவு வேலை நடக்குது பாருங்கோ. அந்த ஆள் எங்கை நிக்கிறார், போன் திறந்திருக்கோ, வேறை ஆரோடையும் கதைச்சுக்கொண்டு நிக்கிறாரோ, மணி அடிக்கட்டோ, எடுத்திட்டாரோ... உதுகளை ஒரு எக்ஸ்சேஞ் மற்ற எக்ஸ்சேஞ்சிட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் செய்யும். அதுக்குப் பேர் சிக்னலிங். கதை வேறை, சிக்னலிங் வேறை."

நான் பெட்டிகளைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பலகையை அழித்தார்.

"சரி, கலியாணத் தரகர் எண்டு வையுங்கோ. பொம்பிளை வீட்டை போய், சம்மதமோ எண்டு கேக்கிறார். வந்து மாப்பிளை வீட்டை சொல்லுறார். ரெண்டு பகுதியும் கதைக்கத் தொடங்கின உடனை ஒரு பக்கமா ஒதுங்கி நிக்கிறார். கடைசியிலை ஒரு பகுதி போனை வைச்சா, மற்றப் பகுதிக்கு ஓடிப்போய் 'முடிஞ்சுது' எண்டு சொல்லுறதும் அவர்தான்."

"விளங்குது."

"முந்தி அந்தத் தரகருக்கெண்டு தனி ரோட்டு இருந்தது. அதிலை வேறை ஒருத்தரும் போகேலாது. இப்ப அவரை இன்ரநெற் எண்ட பெரிய ரோட்டிலை விடுறம். அதிலை பஸ், லொறி, மாட்டு வண்டில் எல்லாம் போகும். தரகர் வழியிலை துலைஞ்சு போவார். பிந்தி வெளிக்கிட்டவர் முந்திப் போய்ச் சேருவார். சம்மதமோ எண்ட கேள்வி போய்ச் சேரமுதல் 'முடிஞ்சுது' எண்ட செய்தி போனா என்ன நடக்கும்?"

"கலியாணம் குழம்பும்."

"அவ்வளவுதான், அண்ணை! அது குழம்பாமல், ஒவ்வொரு செய்திக்கும் இலக்கம் போட்டு, வரிசை மாறாமல் அனுப்பி, போய்ச் சேர்ந்ததெண்டு பதிலும் வாங்கிறதுதான் எங்கடை சொப்ற்வெயார். ஒரு ரோட்டு அடைபட்டா, மற்ற ரோட்டாலை அனுப்பும்." கொஞ்சம் குரலைக் குறைத்து, "அந்த ரெண்டாவது ரோட்டுத்தான் இன்னும் சரிவரேல்லை. சேருக்கு முன்னாலை கதைச்சுப் போடாதேங்கோ" என்றார்.

நான் ஒருவருக்கும் முன்னால் கதைத்துவிடப் போவதில்லை என்று அவருக்கு அப்போது தெரியாது.

முன் அறையில் ஒரு போன், பின் அறையில் ஒரு போன், நடுவில் சில பெட்டிகளும் இரண்டு கேபிள்களும். வெளியே உள்ள போன்களுக்கும் அடித்துப் பார்ப்பதற்கென்று ஒரு தொலைபேசி நிறுவனம் ஒரு இணைப்பும் தந்திருந்தது. முதல் வாரம் என்னை முன் அறையில் இருந்து அடித்து, "ஹலோ, கேக்குதோ?" என்று சொல்லவைத்தார்கள். நான் சொன்னேன். பின் அறையில் ஒன்றும் கேட்கவில்லை. தங்கச்சி அரை நாளாக மென்பொருளில் பிழை தேடினார். பெட்டியைக் கழற்றினார். கடைசியில் முன் அறைக்கு வந்து என் பக்கத்தில் நின்று பார்த்தார். பக்கத்தில் நின்றும் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதோடு கதைக்கிற சோதனைகளையெல்லாம் தான் எடுத்துக்கொண்டு, கதைக்காத சோதனைகளை எனக்குத் தந்தார். ஒரு ரிங்கோடு வைத்துவிடுவது. இரண்டு ரிங்கோடு வைத்துவிடுவது. யாரும் எடுக்காமல் மணி தானாக ஓயும்வரை அடிக்கவிடுவது. இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. எனக்காகவே செய்து வைத்தது போல இருந்தது.

இந்தக் காலத்தில்தான் அக்கா எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கினாள். தொடங்கினாள் என்று சொல்வது பிழை. அவள் நிறுத்தியதே இல்லை. ஆனால் என் தலை நரைக்க நரைக்க அவளுக்கு வேகம் கூடியது. புத்தூரில் ஒருவர் இருந்தார். தாய் தகப்பனைக் கடைசிவரை பார்த்து, தமையனோடு சேர்ந்து வெங்காயத் தோட்டம் செய்துகொண்டு, கலியாணத்துக்கு நேரமில்லாமல் இருந்துவிட்டவர். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் குறைவு. ஒரு கோயிலில் சந்திக்க ஏற்பாடு நடந்தது.

நான் அவருடைய செருப்பைத்தான் பார்த்தேன். நீல வார். ஓரமெல்லாம் செம்மண்.

"பஸ்ஸிலையோ வந்தனீங்கள்?" என்று அவர் கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன்.

"சனமோ?"

அதற்கும் ஆட்டினேன். அவர் அக்காவிடம் திரும்பி, "உவருக்குக் கதை வராதோ?" என்று கேட்டார்.

"வீட்டிலை வாய் ஓயாமல் கதைப்பான், பிள்ளை" என்று கோயிலுக்குள் நின்றுகொண்டு அக்கா பொய் சொன்னாள்.

சில நாளில் புத்தூரிலிருந்து பதில் வந்தது. அக்கா அதை அப்படியே ஒப்புவித்தாள். "ஆளிலை ஒரு குறையும் இல்லையாம். ஆனா வாய் திறந்து தன்னோடை ஒருக்காக் கதைக்கட்டாம். கதைச்சாப்பிறகுதானாம் ஓமோ இல்லையோ எண்டு சொல்லுறது. ஆடி பிறக்கமுதல் கதைக்காட்டி, இல்லை எண்டு வையுங்கோ எண்டிட்டா. இந்தா நம்பர். கதையடா. உனக்கென்ன, வாயிலை முள்ளே?"

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. சிக்கலே அதுதான். பிடிக்காத ஒருவரென்றால் தலையை ஆட்டிவிட்டு வந்திருப்பேன், அதோடு முடிந்திருக்கும்.

மறுநாள் மானிப்பாயில் பஸ்ஸுக்கு நின்றபோது துணிந்து நம்பரை அடித்தேன். இரண்டாவது ரிங்கில் துணிவு போய்விட்டது, வைத்துவிட்டேன். பஸ் வந்தது, ஏறினேன். நகரத்தில் இறங்கி மறுபடியும் அடித்தேன். இந்த முறை ஒரு ரிங்கிலேயே வைத்துவிட்டேன். சிறிது நேரத்தில் என் போன் ஒரே ஒருமுறை அடித்து ஓய்ந்தது. புத்தூர் நம்பர்.

எங்கள் பக்கத்தில் இதற்கு அர்த்தம் உண்டு. பொத்தான் போன் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். இரண்டு ரிங் என்றால் "வெளிக்கிட்டிட்டன்." ஒரு ரிங் என்றால் "வந்து சேர்ந்திட்டன்." பதிலுக்கு ஒரு ரிங் வந்தால் "சரி, விளங்கிச்சுது." காசு போகாது, கதையும் இல்லை. இதில் முக்கியமான ஒழுங்கு என்னவென்றால், அடிக்கிற போனை எடுக்கக்கூடாது. எடுத்தால் அடித்தவருக்குக் காசு போய்விடும். அது மரியாதை இல்லை.

நான் பயந்து வைத்ததை அவர், வேலைக்குப் புறப்படும்போது இரண்டு ரிங்கும் போய்ச் சேர்ந்ததும் ஒரு ரிங்கும் தருகிற பொறுப்பான மனிதர் என்று எடுத்துக்கொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் அப்படியே நடந்தது. அவர் தருகிற அந்த ஒரு ரிங்குக்காகப் போனைச் சட்டைப் பையில், நெஞ்சோடு வைத்துக்கொண்டு போவேன். எங்களுக்குள் எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, கதைப்பதைத் தவிர. ஆடியும் கிட்டிக்கொண்டிருந்தது.

இனி அந்த நம்பர் கதைக்கு வருகிறேன்.

யாரும் எடுக்காமல் மணி ஓயும்வரை அடிக்கும் சோதனையை வெளியே உள்ள ஒரு போனுக்குச் செய்து பார்க்கவேண்டும் என்றார் முதலாளி சேர். அடித்தால் எடுக்காத ஒரு போன் வேண்டும். தங்கச்சி தன் மாமாவின் நம்பரைப் போட்டார். மாமா முதல் ரிங் முடிய முதலே எடுத்து, "ஆர், கனடாவோ?" என்றார். அம்மாவின் நம்பரைப் போட்டார். அம்மா உடனே கட் பண்ணிவிட்டுத் திருப்பி அடித்து, "என்ன பிள்ளை நடந்தது? ஏன் இந்த நேரத்திலை?" என்று அழத் தொடங்கினார். முதலாளி தன் பழைய போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, "இதுக்கு அடியுங்கோ" என்றார். அது அடித்ததும் பழக்கத்தில் அவரே ஓடிப்போய் அலுமாரியைத் திறந்து எடுத்து "ஹலோ" என்றார். யாழ்ப்பாணத்தில் அடிக்கிற போனை எடுக்காமல் விடக்கூடிய மனிதர் இல்லை. அடிப்பது வெளிநாட்டிலிருந்து யாராவது என்றால் என்ன செய்வது?

நான் மெல்லக் கையை உயர்த்தினேன்.

"என்ரையிலை ஒரு நம்பர் இருக்கு, தங்கச்சி. அடிக்கும். எடுக்காது."

"நிச்சயமோ, அண்ணை?"

"ஒருநாளும் எடுத்ததில்லை." சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"ஆரின்ரை நம்பர்?"

"தெரிஞ்ச இடம்."

அவர் அதை யாரும் குடியில்லாத வீடு என்று நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை. அடிக்கிறவரின் நம்பர் என்ற இடத்திலும் எதையாவது போடவேண்டியிருந்தது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு நம்பர் என்னுடையதுதான். அதைக் கொடுத்தேன். சோதனை ஒரே தடவையில் சரிவந்தது. போன் அடித்தது, அடித்தது, ஓய்ந்தது. எடுக்கவே இல்லை. முதலாளி என் தோளில் தட்டினார்.

ஒரு தடவையோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை, கதைக்காத சோதனைகள் எல்லாவற்றையும் கணினி தானாகவே நாள் முழுக்க மாறி மாறிச் செய்யட்டும் என்று முதலாளி முடிவெடுத்தார். எந்த நம்பருக்கு அடிப்பது என்று கணினிக்குச் சொல்ல வேண்டிய இடத்தில், நல்ல நம்பர் என்று தங்கச்சி அதையே விட்டுவிட்டார்.

"இண்டைக்கு உங்களுக்கு அடிக்கிற வேலை இல்லை, அண்ணை. அது தானா அடிக்கும். நீங்கள் கேபிளுகளுக்குப் பேர் ஒட்டுங்கோ" என்றார்.

நான் ஒட்டினேன். சோதனை நடக்கிற நாட்களில் எங்கள் சொந்தப் போன்களை வாசலில் ஒரு பனையோலைப் பெட்டிக்குள் சத்தமில்லாமல் போட்டுவிட வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. என் போனும் அதற்குள்தான் கிடந்தது. கணினி எந்த நம்பருக்கு அடிக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் கேட்கிற ஆளா?

மத்தியானம் திரும்பும் நேரம் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அதிலேயே இருந்தார். பின்னால் இருந்து இறங்கியவர் கையில் சாப்பாட்டுக் கரியரோடு உள்ளே வந்தார். நான் நிமிரவில்லை. நீல வாரைப் பார்த்தேன். செம்மண்ணைப் பார்த்தேன். கையிலிருந்த பேர் ஒட்டும் நாடா கீழே விழுந்து உருண்டு போனது.

"இருக்கிறார்" என்று அவர் வாசல் பக்கம் திரும்பிச் சொன்னார். "உயிரோடைதான் இருக்கிறார்."

"நல்லது" என்றது ஹெல்மெட்.

தங்கச்சி எழுந்து வந்து, "ஆரைத் தேடுறியள், அக்கா?" என்றார்.

"உவரைத்தான். காலமை தொடக்கம் உவர் என்னைப் படுத்திற பாடு! போன் திருத்திற இடம் எண்டு இவரின்ரை அக்கா சொன்னா. அந்தக் கடைக்குப் போனனான். அவை, 'ஓ, அவரோ, கிழமைக்கு ரெண்டு உடைஞ்ச போன் கொண்டு வாறவர்' எண்டு சொல்லி இஞ்சை காட்டிவிட்டினம்."

"என்ன நடந்தது, அக்கா?"

அவர் கரியரை மேசையில் வைத்தார். "காலமை தோட்டத்திலை வெங்காயத்துக்குத் தண்ணி மாறிக்கொண்டு நிண்டனான். ரெண்டு ரிங். சரி, வேலைக்கு வெளிக்கிட்டிட்டார். பிறகு ஒரு ரிங். வந்து சேர்ந்திட்டார். எல்லா நாளும் நடக்கிறதுதானே. கொஞ்சத்தாலை திருப்பியும் ரெண்டு ரிங். வேலைக்குப் போன மனிசன் எங்கை வெளிக்கிடுறார்? இஞ்சைதான் வாறார் எண்டு விளங்கிச்சுது. முற்றத்தைக் கூட்டி, சமைக்கவும் தொடங்கினன். ஒரு ரிங். வந்து சேர்ந்திட்டார்! வெளியிலை வந்து பாக்கிறன், ஒரு குருவி இல்லை. உள்ளுக்கை போறன், ரெண்டு ரிங். திரும்பி வெளிக்கிட்டிட்டார்."

தங்கச்சியின் கை மெதுவாக வாய்க்குப் போனது.

"சந்தி மட்டும் வந்து, ஒழுங்கையைக் கண்டதும் பயந்து திரும்புறார், மனம் கேக்காமல் திரும்பவும் வாறார் எண்டு நினைச்சன். பாவமாக் கிடந்துது. அண்ணையைச் சந்திக்கு அனுப்பினன்."

"வந்த பஸ்ஸெல்லாம் ஏறிப் பாத்தனான்" என்றது வாசலிலிருந்து ஹெல்மெட். "கொண்டக்டர் என்னைக் கிழிச்சுப்போட்டான்."

"அதுக்குப் பிறகு ஒண்டு, அடிச்சு ஓயுமட்டும் அடிச்சுது. போன கிழமை ஒருக்கா அப்பிடி அடிச்சதை, கை தட்டுப்பட்டதெண்டு விட்டிட்டன். இண்டைக்கு ஆருக்கோ வருத்தம் கடுமை எண்டு நினைச்சன். எடுத்தா இவருக்குக் காசு போகுமெண்டு எடுக்கவும் இல்லை. ஓய்ஞ்சாப்பிறகு நான் இவருக்கு அடிச்சன். இவர் எடுக்கேல்லை. பிறகு பாத்தா ஒரு ரிங். வந்து சேர்ந்திட்டாராம்!"

அப்போது முதலாளி உள் அறையிலிருந்து வந்தார். அவருக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது. ஆனால் அவருக்கு விளங்கியது வேறு பாதி.

"அக்கா, ஒண்டு கேக்கிறன். ஒரு ரிங், ரெண்டு ரிங், நீள ரிங். இந்த வரிசை எங்கையாவது மாறினதோ?"

"மாறேல்லை."

"இடையிலை ஒண்டும் விடுபடேல்லை?"

"விடுபட்டிருந்தா எனக்கு இன்னொரு கறி சமைக்க நேரம் கிடைச்சிருக்கும்."

"பிள்ளை, சோதனை பாஸ்!" என்று முதலாளி தங்கச்சியைப் பார்த்துக் கத்தினார். "புத்தூர் மட்டும் ஒண்டும் பிசகாமல் போயிருக்கு!"

தங்கச்சி ஓடிப்போய்க் கணினியை நிறுத்தினார். பிறகு வந்து, தரகரையும் ரோட்டையும் சொல்லி, வேலை தொடங்கிய பிறகு அடித்தது நான் இல்லை, மென்பொருள்தான் என்று விளங்கப்படுத்தினார். புத்தூர்க்காரர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப, இண்டைக்கு நீங்கள் புத்தூருக்கு வெளிக்கிடவும் இல்லை, வந்து சேரவும் இல்லை."

நான் தலையை ஆட்டினேன்.

"செருப்பைப் பாத்தது போதும். வாயைத் திறவுங்கோ. ஆடி பிறக்கப்போகுது. இந்த வெயிலுக்குள்ளாலை வந்தனான். ஓமோ இல்லையோ எண்டு நான் சொல்லவேணும். அதுக்கு நீங்கள் ஏதாவது சொல்லவேணும்."

நான் வாயைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. முதலாளியும் தங்கச்சியும் மரியாதையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள், முன்பு கொமினிக்கேசனில் நான் திரும்பி நிற்பது போல. அது இன்னும் மோசமாக இருந்தது.

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். மேசையில் இருந்த போனைக் காட்டி, "உது எங்கை அடிக்கும்?" என்று தங்கச்சியிடம் கேட்டார்.

"பின் அறையிலை, அக்கா."

"அப்ப நான் அங்கை போறன். இவர் இதிலை இருந்து அடிக்கட்டும். ஆள் முன்னாலை நிண்டாத்தானே வெக்கம்."

அவர் போய்விட்டார். நான் ரிசீவரை எடுத்து அடித்தேன். சுவருக்கு அப்பால் மணி அடிப்பது கேட்டது. ஒன்று. இரண்டு. என் கை பழக்கத்தில் தானாகவே ரிசீவரை வைக்கப் போனது.

"அண்ணை, வைச்சீங்களோ கொன்று போடுவன்!" என்றார் தங்கச்சி, சுவரைப் பார்த்தபடியே.

"ஹலோ" என்றது போன்.

"ஹலோ, கேக்குதோ?" என்றேன். எனக்குப் பழக்கமான ஒரே வசனம்.

"கேக்குது. கதையுங்கோ."

"ஓம்" என்றேன். "சரியான சனம்."

"எங்கை?"

"பஸ்ஸிலை. அண்டைக்குக் கோயிலுக்கு வரேக்கை. நீங்கள் கேட்டனீங்கள், சனமோ எண்டு. ஓம். மிதிபலகையிலைதான் வந்தனான்."

அந்தப் பக்கத்தில் ஒரு சிரிப்பு வந்தது. போனில் ஒரு சிரிப்பு காதுக்குள் இவ்வளவு கிட்டக் கேட்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கொமினிக்கேசனில் ஆட்கள் ஏன் மணிக்கணக்காக நின்றார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

அதே நேரத்தில் நடந்த இன்னொரு விஷயத்தைத் தங்கச்சி எனக்குப் பிறகு சொன்னார். முதலாளி அவரிடம் மெல்ல வந்து, "கோல் போய்க்கொண்டிருக்குதோ? நல்லது. முதலாம் கேபிளைக் கழட்டிப் பாப்பம். ரெண்டாவது ரோட்டாலை போகுதோ தெரியவேணும்" என்றாராம்.

"சேர், இப்ப வேண்டாம், சேர். அவை கதைக்கினம்."

"கதைச்சாலென்ன, கதைக்காட்டிலென்ன, சொப்ற்வெயாருக்கு ரெண்டும் ஒண்டுதானே, பிள்ளை. இதைவிட உண்மையான கோல் எங்கை எடுக்கிறது?" சொல்லிவிட்டுத் தானே போய்க் கழற்றிவிட்டார்.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. நான், "காலமையிலை நீங்கள் தாற அந்த ஒரு ரிங்..." என்று தொடங்கியிருந்தேன். போன் அமைதியாக இருந்தது. வழமையில் கோல் அறுந்தால் ஒரு சத்தம் வரும். அன்று "முடிஞ்சுது" என்று என்னிடம் வந்து சொல்வதற்குத் தரகருக்கு ரோட்டே இல்லை. வேறு யாராக இருந்தாலும் "ஹலோ, ஹலோ" என்று கத்தியிருப்பார்கள். எனக்கு அமைதி பழக்கமானது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், இடையில் குறுக்கிடாத நல்ல மனிதர் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு வசதியாக நான் யாரோடும் கதைத்ததில்லை.

"அந்த ஒரு ரிங்குக்காகத்தான் நான் நேரத்துக்கு வெளிக்கிடுறது" என்றேன். "ஒருநாள் அது வரேல்லை. உங்களுக்குத் தடிமன் காய்ச்சல் எண்டு பிறகு அக்கா சொன்னா. அண்டைக்கு நான் ரெண்டு கேபிளுக்கும் ஒரே பேரை ஒட்டிப்போட்டன். எனக்கு நிறையக் கதைக்க வராது. வந்தாப் பிறகும் வராது. அதை முதலிலையே சொல்லிப்போட வேணும். அக்கா கோயிலிலை சொன்னது பொய். ஆனா நீங்கள் கதைச்சா நான் கேப்பன். தோட்டத்துக்குத் தண்ணி மாறவும் தெரியாது, பழகுவன். நீங்கள் ஓம் எண்டு சொன்னா எனக்குச் சந்தோசம். இல்லை எண்டாலும், காலமையிலை அந்த ஒரு ரிங்கை மட்டும்..."

"போன் செத்துப்போச்சு" என்றது ஒரு குரல்.

போனிலிருந்து அல்ல. பின்னாலிருந்து. அவர் வாசல் நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்குத் தெரியாது. ரிசீவரை வைப்பதா, காதிலேயே வைத்திருப்பதா என்றும் தெரியவில்லை. வைத்திருந்தேன்.

தங்கச்சி பேனையோடு ஓடி வந்தார். "அக்கா, கோபிக்காதேங்கோ. கடைசியா உங்களுக்கு என்ன கேட்டது? பிழையைப் பிடிக்க எனக்கு அது தெரியவேணும்."

"'அந்த ஒரு ரிங்' எண்டதோடை நிண்டுது."

"மிச்சம்?"

"மிச்சத்தை இதிலை நிண்டு கேட்டனான்."

முதலாளி கையில் கேபிள் நுனியோடு வந்தார். "அப்ப ரெண்டாவது ரோட்டு வேலை செய்யேல்லை" என்றார் கவலையாக.

"நீங்கள் ஆறுதலாத் திருத்துங்கோ" என்றார் புத்தூர்க்காரர். "எனக்கு அவசரமில்லை."

அவர் ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கரியரை என் பக்கம் தள்ளி, "ஆறமுதல் சாப்பிடுங்கோ" என்றார். மோட்டார் சைக்கிள் புறப்பட்டுப் போனது. ஹெல்மெட் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தியது. வாழ்த்தா, எச்சரிக்கையா என்று தெரியவில்லை. கத்தரிக்காய்க் குழம்பும் முருங்கைக்காய்க் கறியும் நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டோம். உலகத்திலேயே ஒரு சிக்னலிங் சோதனையால் சமைக்கப்பட்ட முதல் சாப்பாடு இதுதான் என்றார் முதலாளி, விரலை நக்கிக்கொண்டு.

பின்னேரம் பனையோலைப் பெட்டியிலிருந்து போனை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். கழுவிய கரியர் கையில். போன் அடித்தது. புத்தூர் நம்பர். ஒரு ரிங், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் அது ஒன்றோடு நிற்கவில்லை. இரண்டு. மூன்று. பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். எடுக்கக்கூடாது என்பது ஒழுங்கு. அவருக்குக் காசு போகும். போன் விடாமல் அடித்தது.

எடுத்தேன்.

"ஹலோ, கேக்குதோ?"

"கேக்குது. வந்து சேர்ந்திட்டன். உங்கடை அக்காவுக்கு நான் ஓம் எண்டு சொல்லியாச்சு."

பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நான் ஏறவில்லை.

"கேக்குதோ?" என்று இந்த முறை அவர் கேட்டார்.

"கேக்குது."

"என்ரை கரியரைக் கொண்டந்து தாங்கோ. ஆரிட்டையும் குடுத்துவிடாமல் நீங்கள்தான் கொண்டுவர வேணும். ஞாயிற்றுக்கிழமை வாங்கோ."

"ஓம்."

"வெளிக்கிடேக்கை ரெண்டு ரிங் தாங்கோ. அதுக்கு மேலை ஒண்டும் வேண்டாம். அண்ணை இனிப் பஸ் ஏறிப் பாக்கமாட்டாராம்."